இன்னொரு கோட்டிங்

தபால் அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் வலது கை சுவருக்குப் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் மேலிருந்து கீழே ஒரு தடவல், கீழிருந்து மேலே ஒரு தடவல். காவலாளி எங்களையே பார்க்கிறார். "எந்தப் புண்ணியவான் அடிச்சது இது?" என்று என் காதருகே கேட்டார். ரகசியமாகத்தான் கேட்டார். ஆனால் ஏணிமேல் நின்று கீழே பேசிப் பழகிய தொண்டை அது; எவ்வளவு தாழ்த்தினாலும் அதிகாரி அறைவரை போகும். "பள்ளத்தை மூடப் பட்டி பார்த்திருக்கான், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கல. தொட்டுப் பாரு தம்பி, மணல் மாதிரி நெருடுது." நான் தொட்டுப் பார்த்தேன். எனக்குச் சுவர் சுவராகத்தான் இருந்தது. "கண்ணை மூடிட்டுத் தொடு. கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது" என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். வரிசை எங்களை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது.

அவர் பெயின்டர், எனக்கு அடுத்த வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் அவர் கொட்டாவி விட்டால் இந்தப் பக்கம் எனக்குத் தூக்கம் வரும். நான் வீட்டில் உட்கார்ந்து அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை திருத்துகிறவன். என் தொழில்மேல் அவருக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. "நீ பேப்பர்ல பட்டி பார்க்கிற, நான் செவுத்துல பார்க்கிறேன். ரெண்டு பேரும் ஒரே ஜாதிதான், பள்ளம் கண்ணுல பட்டா சோறு எறங்காது" என்பார்.

தெருவில் அவருக்கு 'இன்னொரு கோட்டிங்' என்று பெயர். எதையும் ஒரு கோட்டிங்கோடு அவர் விட்டதில்லை. டீயில் சர்க்கரை குறைந்தால், "இன்னொரு கோட்டிங் போடு." நின்ற மழை மறுபடி பிடித்தால், "பார்த்தியா, இன்னொரு கோட்டிங் அடிக்குது." அவர் மனைவி, எனக்கு அண்ணி, அவரைத் திட்டி ஓய்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினால் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். வாயைத் திறக்கவே வேண்டாம்.

கடைக்காரர் அட்டையில் அச்சடித்திருக்கும் நிறப் பெயர்களை அவர் மதிப்பதில்லை. அவருக்கென்று தனிப் பட்டியல் உண்டு. மங்கிய வெள்ளைக்குப் 'பழைய பல்'. கண்ணைக் குத்தும் மஞ்சளுக்குக் 'காய்ச்சல்'. வாடகைக்கு விடுகிறவர்கள் கேட்கும் மலிவான ரோஸுக்கு 'யாரோ வருவாங்க'. கரும்பச்சைக்கு 'மாமியார்'. ஒருமுறை ஒரு வீட்டு அம்மாளிடம் முகத்துக்கு நேரே, "உங்க கூடத்துக்கு மாமியார் சரிப்படாதுங்க, வெளிச்சத்தை முழுங்கிடும்" என்று சொல்ல, அங்கே உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டாராம்.

அவருடைய பெருமை முழுவதும் ஓரத்தில் இருந்தது. சுவரும் கூரையும் சேருகிற மூலையில் மற்றவர்கள் டேப் ஒட்டிவிட்டு அடிப்பார்கள். அவர் ஒட்டமாட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷை ஒரே இழுப்பாக இழுத்துப் போவார். அறையின் அந்த மூலையில் தொடங்கிய கோடு இந்த மூலையில் வந்து முடியும்போது நூல் பிடித்தாற்போல இருக்கும். "டேப் ஒட்டி அடிக்கிறதும் கம்பு ஊனி நடக்கிறதும் ஒண்ணு" என்பார். டேப் ஒட்டுகிறவர்களோடு அவர் உட்கார்ந்து டீ குடித்தும் நான் பார்த்ததில்லை.

இவ்வளவும் ஊர்ச் சுவர்களுக்கு. வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள், அவர் வீட்டுக்குள் சுவர் என்று ஒன்று இருப்பதே காரை உதிரும்போதுதான் ஞாபகம் வரும். அண்ணி கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவர். கடைசியில் வெளியூரில் வேலை பார்க்கும் மகன், கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக மனைவியோடு வந்து சில மாதம் தங்கப்போவதாகச் சொன்னான். "வர்ற பொண்ணு இந்த அறையைப் பார்த்துட்டு, மாமனார் என்ன தொழில் பண்றார்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லட்டும்?" என்று அண்ணி கேட்டார். அவர் ஏணியை உள்ளே கொண்டுவந்தார். மருமகளே தொலைபேசியில் நிறம் தேர்ந்தெடுத்தாள், வெளிர் பச்சை. அவர் யோசித்து அதற்குப் 'பிஞ்சு' என்று பெயர் வைத்தார். அவர் வைத்த பெயர்களிலேயே திட்டு இல்லாத பெயர் அது ஒன்றுதான்.

பெயின்டர் தன் வீட்டுக்கே பெயின்ட் அடிக்கிறார் என்பது தெருவுக்குப் பெரிய அதிர்ச்சி. மளிகைக் கடைக்காரர் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அந்தப் பக்கம் உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தலை வலிக்கிறது என்று முதல் நாள் சாயங்காலமே சொன்னார். தூசியில் நின்றால் வலிக்காமல் என்ன செய்யும் என்று மாத்திரை போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் வாசலுக்கு வந்தபோது முகத்தில் வலப்பக்கம் மழமழவென்று இருந்தது. இடப்பக்கக் கன்னத்தில் நேற்றைய தாடி அப்படியே நின்றது, காதோரம் சோப்பு நுரைகூட இருந்தது. வலது காலில் செருப்பு, இடது கால் வெறுங்கால்.

"என்னண்ணே, ஒரு பக்கம்தான் பிரைமர் அடிச்சிருக்கீங்க?" என்றேன்.

"முழுசாத்தான் வழிச்சேன். உனக்குத்தான் காலைலயே பிழை கண்ணு" என்று சிரித்துவிட்டு உள்ளே திரும்பியவர், இடது தோளை நிலைக்கட்டையில் நன்றாக இடித்துக்கொண்டார். நிலையைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். மளிகைக் கடைக்காரரும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். மருமகள் வருகிற சந்தோஷத்தில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை என்று கடைக்காரர் சொன்னார். அது எங்களுக்கு ரொம்பவும் பொருத்தமாகப் பட்டது.

மதியத்துக்கு மேல் அண்ணி நடுச்சுவரைத் தட்டினார். இரண்டு வீட்டுக்கும் அதுதான் அழைப்பு மணி. ஒரு தட்டு என்றால் தீப்பெட்டியோ ஊசியோ வேண்டும், இரண்டு தட்டு என்றால் யாரோ வந்திருக்கிறார்கள். அன்று தட்டுவது நிற்கவே இல்லை. கையிலிருந்த பக்கத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அறை வாசலிலேயே அண்ணி என்னை நிறுத்தினார்.

"உள்ள போய்ப் பாருங்க தம்பி. எனக்குத்தான் கண்ணு கெட்டுப்போச்சான்னு தெரியல."

அவர் அறை நடுவே கவிழ்த்த பக்கெட்மேல் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்தபின் சுவருக்கு எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்ப்பது அவர் வழக்கம். முகத்தில் அந்தத் திருப்தி அப்படியே இருந்தது. "வா தம்பி. ரெண்டு கோட்டிங் முடிஞ்சுது. எப்படி இருக்கா, பிஞ்சு?"

நான் சுவரைப் பார்த்தேன். நீளமான சுவர் அது, வலப்பக்கக் கோடியில் சன்னல். எப்போதும் வெளிச்சம் வருகிற பக்கமிருந்துதான் தொடங்குவார். சன்னலிலிருந்து சுவரின் பாதிவரை பச்சை, குற்றம் சொல்ல முடியாத பச்சை. மேலே கூரையோரம் அவருடைய கோடு நூல் பிடித்தாற்போல வந்துகொண்டிருந்தது. சுவரின் நடுவில் அது நின்றுவிட்டது. அங்கிருந்து இடப்பக்க மூலைவரை ஒன்றுமே இல்லை. பட்டியின் வெள்ளைத் திட்டுகள், பழைய ஆணி ஓட்டைகள், நாள்காட்டி தொங்கிய இடத்தின் சதுரக் கறை. பச்சை முடிந்த ஓரம் கிழிந்த துணி மாதிரி பிசிறு பிசிறாக இருந்தது. அவர் கையிலிருந்து அப்படி ஓர் ஓரம் வந்து நான் பார்த்ததே இல்லை.

"மிச்சத்தை நாளைக்கு வெச்சுக்கலாம்னு விட்டுட்டீங்களாண்ணே?"

"எந்த மிச்சம்?"

"இந்தப் பக்கம்."

நான் நீட்டிய விரலைப் பார்த்தார். விரல் காட்டிய திசையில் அவர் பார்வை கொஞ்ச தூரம் போனது. பச்சை முடிகிற இடத்தில், அங்கே உலகமே முடிந்துவிட்டதுபோல நின்று, திரும்பி வந்தது.

"அதான் மூலைக்கு மூலை அடிச்சிருக்கே. போய்க் கண்ணாடி போட்டுட்டு வா" என்றார். கேலியும் இல்லை, கோபமும் இல்லை. வானம் நீலம் என்று சொல்வதுபோலச் சொன்னார். ஒரு கணம் எனக்கே என் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அண்ணி தணிந்த குரலில் சொன்னார். "மத்தியானத்துலேருந்து இப்படித்தான் தம்பி. டீயைப் பக்கத்துலயே வெச்சேன், டீ எங்கன்னு கத்துறார். சோத்துல ஒரு பக்கத்தை மட்டும் சுத்தமா வழிச்சுட்டு, இந்தப் பக்கம் குவிச்சு வெச்சது அப்படியே இருக்க, இன்னொரு கோட்டிங் போடுன்னு தட்டை நீட்டுறார். என்மேல ஏதோ கோபம்னு நெனச்சேன்."

பிறகு அண்ணி ஒரு காரியம் செய்தார். அவர் தோளைப் பிடித்து எழுப்பி, சுவரில் பச்சை முடிகிற இடத்துக்கு நடத்திக்கொண்டு போய், இடப்பக்க மூலையைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். இப்போது அந்த வெற்றுச் சுவர் அவருக்கு வலப்பக்கம் வந்துவிட்டது. அவர் முகம் மாறியது. தபால் அலுவலகத்தில் பார்த்த அதே முகம். கையை வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவல், கீழிருந்து மேலே ஒரு தடவல்.

"எந்தப் புண்ணியவான் பண்ணினது இது?" என்று கேட்டார். "பாதிச் செவுத்தை அப்படியே போட்டுட்டுப் போயிருக்கான். பட்டியைக்கூடச் சரியாத் தேய்க்கல. இவனையெல்லாம் வீட்டுக்குள்ள விட்டது யாரு?"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். "நீங்கதாங்க" என்று விரல்களுக்கு இடையிலிருந்து வந்த சொல் அவருக்குக் கேட்டதோ இல்லையோ, அவர் அந்தச் சோம்பேறியைத் திட்டிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் அவர் இடது கையைப் பார்த்தேன். அதில் பெயின்ட் டப்பா தொங்கிக்கொண்டிருந்தது, அவர் அதை மறந்தே போயிருந்தார். டப்பா சரிந்து, பச்சை பெயின்ட் அவருடைய வெறுங்காலின்மேல் ஒழுகிக்கொண்டே இருந்தது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடினேன்.

மூளையின் வலப்பக்கத்தில் ரத்தம் கட்டியிருக்கிறது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். உயிருக்குப் பயமில்லை என்பது உறுதியானபின், சின்ன வயது டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து விளக்கினார். "கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதையே மூளை விட்டுடுச்சு. அவருக்கு அது மறைக்கப்பட்ட மாதிரி தெரியாது, இல்லவே இல்லாத மாதிரி இருக்கும்." இல்லாததை ஒருவர் எப்படித் தேடுவார் என்று அண்ணி கேட்டார். அதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

ஒரு தாளில் படுக்கைவசமாக நீளக் கோடு ஒன்றைப் போட்டு, அதன் நடுவில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார்கள். கோடு என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சின்னப் பசங்க வேலை" என்று சொல்லிவிட்டு, பென்சிலை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு புள்ளி வைத்தார். வலப்பக்கக் கோடிக்கு இரண்டு விரல் முன்னால் விழுந்தது புள்ளி. டாக்டரம்மா ஸ்கேலை வைத்துக் காட்டினார். "உங்க ஸ்கேல் தேஞ்சிருக்கு" என்றார் அவர். அறையில் யாரும் சிரிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் டேப் ஒட்டாமல் கோடு இழுத்த மனிதருக்கு ஒரு கோட்டின் நடு தெரியவில்லை. நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

விருந்தாளியாக வரவேண்டிய மருமகள் அவசரமாக வந்து சேர்ந்தாள். வாய் அதிகம் பேசாத பெண், கை நன்றாகப் பேசும். பயிற்சி கொடுக்கிறவர் சொன்னபடி, வீட்டில் எது எதற்கு இடப்பக்கம் உண்டோ அதற்கெல்லாம் ஒரு சிவப்பு டேப் ஒட்டினாள். நிலைக்கட்டையின் இடப்பக்கம், கட்டிலின் இடப்பக்கம், சாப்பாட்டுத் தட்டின் இடப்பக்கம். "சிவப்பு கண்ணுல படுற வரைக்கும் தலையைத் திருப்பிட்டே போங்க மாமா." டேப்பைக் கண்டாலே முகம் சுளிக்கிற மனிதர், சொன்னபடி தலையைத் திருப்பினார். "கடைசியில எனக்கும் கம்பு குடுத்துட்டா மருமக" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

நடை திரும்பிவிட்டது. இடது கைக்கும் வலு வந்துகொண்டிருக்கிறது. ஆனால் அதை அவர் எங்கேயாவது விட்டுவிட்டு வந்துவிடுவார். நாற்காலியிலிருந்து எழுந்திருப்பார், இடது கை மட்டும் நாற்காலிக் கைப்பிடியிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். "கையை எடுத்துக்கிட்டு வாங்க" என்று அண்ணி சொல்வார், குடையை எடுத்துக்கொண்டு வரச்சொல்வது போல.

அந்தச் சுவர் மட்டும் அப்படியே இருந்தது. வேறு ஆளை வைத்து மிச்சத்தை அடித்துவிடலாம் என்று மகன் சொன்னான். "முடிஞ்ச செவுத்துக்கு ஆள் எதுக்குடா? வந்து என்னத்த அடிப்பான்?" என்று கேட்டார் அவர். இடப்பக்க மூலையைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினால் வெறும் பாதி தெரியும், திட்டுவார். மறுபடி நேரே வந்து நின்றால் அது போய்விடும். அவர் கணக்கில் அவை இரண்டும் வெவ்வேறு சுவர், ஒன்று அவர் அடித்தது, மற்றொன்று எவனோ கெடுத்தது. அண்ணி மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அந்தச் செவுத்துல வேற கை படக்கூடாது. அதை மூடிட்டா, அவருக்கு அது கடைசி வரைக்கும் முடிஞ்ச செவுருதான். அப்புறம் விட்டுப்போன பாதியை இவர் எந்தச் செவுத்துல தேடுவார்?" மருமகள் பாதிச் சுவர் அறையிலேயே படுத்துக்கொண்டாள்.

ஒருநாள் அண்ணி கடைக்குப் போயிருந்தபோது, அவர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில், வலப்பக்கத்தில், உட்கார வைத்துக்கொண்டார்.

"தம்பி, நீ பிழை பார்க்கிறவன். எனக்காகப் பொய் சொல்லக்கூடாது. அந்தப் பக்கம்னு சொல்றாங்களே, நெசமாவே அங்க ஒண்ணு இருக்கா?"

"இருக்குண்ணே."

"எவ்வளவு?"

"இந்தப் பக்கம் இருக்கிற அளவு" என்றேன்.

அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. அன்று சுவரைப் பார்த்து நாங்கள் பட்ட அதிர்ச்சி அவரிடம் அப்போதுதான் வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன். "அம்மாடி" என்றார் மெதுவாக. "அவ்வளவா."

சென்ற வாரம் அவரைப் பார்க்கப் போனேன். அந்த அறையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டின் வலப்பாதி காலியானதும் கை நின்றது. முன்பெல்லாம் அண்ணிதான் வந்து தட்டைத் திருப்பி வைப்பார். அன்று அவரே தட்டின் விளிம்பைப் பிடித்து அரை வட்டம் திருப்பினார். திருப்பியதும் எங்கிருந்தோ சோறும் ஒரு முழு முட்டையும் வந்து நின்றன. திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். ஒவ்வொரு வேளையும் இப்படித்தான் திடுக்கிடுகிறாராம். "பார்த்தியா, இன்னொரு கோட்டிங்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தவர், உட்காரவில்லை. சன்னலோரம் போய்ச் சுவரில் வலது உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, பிறகு ஓர் அடி இடப்பக்கம். மறுபடி மேலே, கீழே, இன்னோர் அடி. பச்சை வழவழவென்று கையோடு வந்துகொண்டிருந்தது. பாத்திரம் எடுக்க வந்த அண்ணி அப்படியே நின்றுவிட்டார். சுவரின் நடு வந்தது. பச்சை முடிந்து பட்டியின்மேல் விரல்கள் ஏறின, நின்றன. திரும்பிப் பச்சைக்கு வந்தன. மறுபடி போய்ச் சொரசொரப்பைத் தடவின.

எந்தப் புண்ணியவான் என்று கேட்கப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. கிடைத்த இடம் தவறிப்போகாமல் வலது உள்ளங்கையை அங்கேயே அழுத்தி வைத்துக்கொண்டு, மறந்துபோய்த் தொங்குகிற அந்த இடது கையை மெல்ல எடுத்து, பின்னால் நின்ற எங்கள் பக்கம் விரித்து நீட்டினார், உப்புத்தாளுக்கு.